நாலாம் நம்பர் தகடு

எங்கள் பட்டறைக்கு வரும் பழைய ஆர்ம் ஒவ்வொன்றுக்கும் ஏழு வேலை உண்டு. ஆர்ம் என்றால் காரின் முன்சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் முக்கோண இரும்பு. உடைக்கப் போன கார்களிலிருந்து கழற்றி மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். முதலில் அதிர்வைத் தாங்கும் பழைய ரப்பர் புஷ்ஷையும், சக்கரம் திரும்ப உதவும் குண்டு மூட்டான பால் ஜாயிண்ட்டையும் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி எடுக்க வேண்டும். அடுத்து டீசல் தொட்டியில் ஒருநாள் ஊறல். பிறகு கம்பி பிரஷ். பிறகு சோப்புத் தண்ணீர், காற்று. ஐந்தாவது, தட்டிப் பார்ப்பது. ஆறாவது, தின்னரால் துடைத்து சிவப்பு பிரைமர், அதன்மேல் கறுப்பு. ஏழாவது, புது புஷ், புது ஜாயிண்ட். ஏழும் முடிந்தால் புதுப் பெட்டியிலிருந்து எடுத்தது போலிருக்கும். வரிசை மட்டும் மாறக்கூடாது.

இரண்டிலிருந்து நான்கு வரை என் வேலை. ஐந்தும் ஆறும் டிங்கு அண்ணன் வேலை. ஒன்றும் ஏழும் முதலாளியின் மச்சான் செய்வார். அவரை மச்சான் என்று கூப்பிடும் உரிமை முதலாளிக்கு மட்டும்தான். ஆனால் முதுகுக்குப் பின்னால் பட்டறையே அவரை மச்சான் என்றுதான் சொல்லும். இவர்களைத் தவிர, சக்கரம் கழற்ற இரண்டு பேர்.

எண்களைக் கொண்டுவந்தது நான். பெயிண்ட் டப்பா மூடியை வெட்டி, ஆணியால் எண் குத்தி, மெல்லிய கம்பியில் ஒவ்வொரு ஆர்முக்கும் ஒரு தகடு கட்டுவேன். ஒவ்வொரு மூட்டைக்கும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். ஒற்றைப்படை இடப்பக்கத்து ஆர்ம், இரட்டைப்படை வலப்பக்கத்தது. எந்தத் தகடு, எப்போது ஊறியது, என்ன குறை, யார் கை என்று நோட்டில் எழுதுவேன். நான் படிக்கும் மெக்கானிக் மாலை வகுப்பில் வாத்தியார் அப்படித்தான் எழுதச் சொன்னார். செய்தவர் பெயர் இல்லாத குறிப்பு குறிப்பே இல்லை என்பார் அவர். நான் சொன்னதைச் செய்கிறவள். அது நல்ல குணமா என்று இப்போது தெரியவில்லை.

டிங்கு அண்ணனுக்கு அந்தப் பெயர் அவர் தட்டுகிற சத்தத்தால் வந்தது. கழுவிக் காய்ந்த ஆர்மைக் கம்பியில் தொங்கவிடுவார். பதினான்காம் நம்பர் ஸ்பேனரை இரண்டு விரலில் பிடித்து ஒரு தட்டு. நல்ல இரும்பு டிங் என்று பாடிக்கொண்டே அடங்கும். எங்கேயாவது விரிசல் இருந்தால் டொக் என்று நின்றுவிடும். டொக் என்றால் அதைப் பழைய இரும்பு டிரம்மில் போட்டுவிடுவார். பத்தொன்பது வருஷம் இதே ஸ்டூலில் உட்கார்ந்து தட்டியிருக்கிறார். அவர் தட்டி அனுப்பியது எதுவும் ரோட்டில் உடைந்ததில்லை.

குறை அவர் காதில் இல்லை, கண்ணில் இருந்தது. ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆகியும் சரியாகவில்லை. இன்னொன்று அதைப் பார்த்து மங்கிக்கொண்டு வந்தது. துரு இருக்கும் இடத்திலேயே பிரைமர் அடித்துவிடுவார். கறுப்பு வழிந்து நுனியில் சொட்டாகக் காய்ந்து நிற்கும். ஒருநாள் பிரைமர் டப்பாவின் மூடியைத் தடவித் தேடியபடி என்னிடம் சொன்னார்.

"யார்கிட்டயும் சொல்லாத பாப்பா. இந்த ஸ்டூல்ல இருக்கற வரைக்கும்தான் நான் வேலைக்காரன். இறங்கினா, கண்ணு தெரியாத கிழவன். அப்புறம் எவன் சேத்துப்பான்?"

யாரிடமும் சொல்லவில்லை. எழுதினேன்.

எனக்கு அந்த ஸ்டூல் வேண்டும் என்று இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். டீசல் தொட்டியில் விரல் தோல் உரிந்து, நகக்கண் கறுத்துப்போய், வகுப்பில் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வர்ணம் பூசுகிறவருக்குக் கையுறை உண்டு. உட்கார்ந்து செய்யும் வேலை.

ஒரு புதன்கிழமை டீ நேரத்தில் நோட்டை பெஞ்சின் மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். அது மறதிதானா என்று பலமுறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். மறதி என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில் வருகிறது. ஆனால் நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

திரும்பி வந்தபோது மச்சான் பெஞ்சில் ஏறி உட்கார்ந்து நோட்டைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பதாம் தேதி. இரண்டாம் எண். கீழ்ப்பக்கம் துருவின் மேலேயே பிரைமர். டிங்கு அண்ணன். பதினோராம் தேதி. ஐந்தாம் எண். மரையில் பெயிண்ட். டிங்கு அண்ணன். அதே தேதி, ஆறாம் எண், டிங்கு அண்ணன்." பக்கத்தைத் திருப்பினார். "அண்ணே, டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கறாங்க. கையத் தூக்குங்க."

சக்கரம் கழற்றுகிறவர்கள் சிரித்தார்கள். டிங்கு அண்ணன் உண்மையாகவே கையைக் கொஞ்சம் தூக்கினார். விளையாட்டுக்கு விளையாட்டாகப் போய்விடட்டும் என்று நினைத்திருப்பார். மச்சான் விடவில்லை. பதினேழு குறிப்பையும் படித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒருவன் "உள்ளேன் ஐயா" என்று சொன்னான். பத்துக்கு மேல் போனதும் டிங்கு அண்ணன் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"எல்லாத்தையுமா எழுதி வச்சிருக்க பாப்பா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது.

முதலாளி கண்ணாடி அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். இத்தனை வருஷம் இருந்த ஆளைச் சும்மா அனுப்பினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றார். அந்த ஆளே ஒத்துக்கொண்டு போகவேண்டும், அதுவும் எல்லார் முன்னாடியும். நாளைக்கு ஒரு பரீட்சை வைக்கலாம் என்றார். வகுப்பில் விரிசல் கண்டுபிடிக்க ஏதோ சொல்லிக் கொடுத்தார்களாமே, அதைச் செய்து காட்டு என்றார்.

மண்ணெண்ணெயும் சாக்குக்கட்டிப் பொடியும்தான். அன்று காலையில் கழுவி வைத்த ஆறு ஆர்ம் இருந்தன. மண்ணெண்ணெயில் முக்கி எடுத்துத் துடைத்து, மேலே சாக்குக்கட்டிப் பொடி தூவினேன். விரிசலுக்குள் போன எண்ணெய் மெதுவாக ஊறி வெளியே வரும். நாலாம் எண்ணில், பால் ஜாயிண்ட் உட்காரும் துளையின் விளிம்பிலிருந்து ஒரு ஈரக் கோடு வந்தது. இரண்டு அரிசி நீளம், முடியளவு மெல்லியது. மற்ற ஐந்தும் வெள்ளையாகவே இருந்தன.

எனக்குப் பெருமையாக இருந்தது. முதலாளி குனிந்து பார்த்துவிட்டு, நகத்தால் அந்தக் கோட்டைத் தடவினார்.

"நகத்துக்குத் தட்டுப்படுதே. அந்தாளு நகத்தாலயே கண்டுபிடிச்சிடுவாரு." கொஞ்சம் யோசித்தார். "மெட்டல் பேஸ்ட் இருக்குல்ல? இத அடைச்சு, தேச்சு, தெரியாத மாதிரி பண்ணிடும்மா. தகடெல்லாம் அவுத்துடு. கட்டுன கம்பிய வச்சு அடையாளம் சொல்லிடுவாரு."

செய்தேன். நன்றாகவே செய்தேன். பேஸ்ட்டைக் கலந்து, விரிசலில் அழுத்தி, ராத்திரி முழுக்க இறுகவிட்டு, காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து உப்புத்தாளால் தேய்த்தேன். முதலில் சொரசொரப்பான இருநூற்று இருபதாம் நம்பர், பிறகு நைசான நானூறு. ஆறு தகட்டையும் அவிழ்த்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன். நாலாவதை எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியும். அப்போது தெரியும்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு எல்லோரையும் பெஞ்சைச் சுற்றி நிற்க வைத்தார் முதலாளி. ஆறு ஆர்மும் பெஞ்சில் படுத்திருந்தன. மச்சான் அவற்றை வித்தைக்காரன் கிண்ணத்தை மாற்றுவது போல இரண்டு முறை இடம் மாற்றி வைத்தார். இதில் ஒன்று ஓட்டை, எது என்று சொன்னால் ஸ்டூல் உங்களுடையது என்றார் முதலாளி.

டிங்கு அண்ணன் ஸ்பேனரை எடுத்தார். கம்பியில் தொங்கவிட ஒரு ஆர்மைத் தூக்கினார்.

"ஸ்பேனரக் குடுங்க. தட்டறதெல்லாம் வேணாம். கண்ணால பாத்துச் சொல்லுங்க" என்றார் முதலாளி.

"இத்தன வருஷமா தட்டித்தான சார் சொல்றேன்."

"அதான் பெயிண்ட் வழியுதே."

மச்சான் அவர் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கி என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். டிங்கு அண்ணன் ஒவ்வொரு ஆர்மாக எடுத்து, முகத்துக்கு நேரே அல்ல, கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார். "மோந்து பாக்கறாரு டீச்சர், அதயும் எழுதுங்க" என்றார் மச்சான். ஒருவன் ஆர்முக்குப் பதில் ஒரு துடைப்பக் கட்டையை அவர் கைக்கு அருகில் நகர்த்தி வைத்தான். அவர் அதைத் தூக்கிவிட்டு, எடையில் தெரிந்துகொண்டு, கீழே வைத்தார். அப்போது விழுந்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. முதலாளி வாயைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேனா என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். பல் தெரியச் சிரிக்கவில்லை.

பிறகு அவர் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவ ஆரம்பித்தார். புஷ் துளை, மடிப்பு, விளிம்பு. நான்கு ஆர்மைத் தள்ளி வைத்தார். ஐந்தாவதாக எடுத்ததில் ஜாயிண்ட் துளையின் விளிம்பில் விரல் நின்றது. கட்டைவிரலை நாக்கில் தொட்டு மறுபடி தடவினார்.

"இரும்பு சில்லுன்னு இருக்கும். இந்த எடம் மட்டும் சில்லுன்னு இல்ல. இங்க என்னமோ பூசியிருக்கு சார்."

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, எல்லாத்தையும் கழுவினது நீதான். எதுலயாவது பூசியிருக்கா?"

டிங்கு அண்ணனும் என் குரல் வரும் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. இந்தப் பெண் உள்ளதை உள்ளபடி எழுதுகிறவள் என்று அவருக்குத் தெரியும். பதினேழு முறை தெரிந்திருக்கிறது.

"இல்ல சார்," என்றேன்.

அவர் அந்த ஆர்மை மற்றவற்றோடு மெதுவாக வைத்தார். அதற்குமேல் எதையும் தொடவில்லை. எனக்குத் தெரியல சார் என்று சொல்லச் சொன்னார் முதலாளி. சொன்னார். இன்னும் கொஞ்சம் சத்தமாக என்றார். சொன்னார்.

நாலாம் நம்பரைத் தனியாக எடுத்து வைத்துவிடு, அப்புறம் அவரிடம் அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டு வாசல் வரை விட்டுவிட்டு வா என்று முதலாளி என் காதோடு சொல்லிவிட்டுப் போனார். அந்த வரிசையில் செய்திருக்க வேண்டும். நான் முதலில் சாவிக்குப் போனேன். டிங்கு அண்ணன் சட்டை மாற்றி, கை கழுவி, அலமாரியைத் தடவித் துழாவிக் காலி செய்ய முக்கால் மணி நேரமானது. ஒரு சீப்பு, ஒரு துண்டு, இரண்டு பிரஷ். ஸ்பேனரைக் கேட்பார் என்று பார்த்தேன், கேட்கவில்லை.

நான் உள்ளே வந்தபோது ஆறும் கம்பியில் சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மச்சானுக்குக் காத்திருக்கும் பழக்கமில்லை. ஸ்ப்ரே கன்னை எடுத்து ஒரே இழுப்பில் எல்லாவற்றுக்கும் பிரைமர் அடித்துவிட்டார். கிழவன் ரெண்டு நாள் எடுத்துக்கற வேலை, பாத்தியா டீச்சர் என்றார். மத்தியானம் கறுப்பும் அடித்தார். காலையில் வந்து ஜாயிண்ட் துளையைச் சுரண்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று வகுப்புக்குப் போய்விட்டேன். அன்று வகுப்பில் என் நோட்டுக்குப் பத்துக்கு ஒன்பது.

மறுநாள் ஒன்பதுக்கு நான் போனபோது மச்சான் எட்டு மணிக்கே வந்து ஆறுக்கும் புது புஷ்ஷும் புது ஜாயிண்ட்டும் அழுத்தி முடித்திருந்தார். ஜாயிண்ட்டின் உதடு சரியாக அந்த இரண்டு அரிசி நீளத்தை மூடிக்கொள்ளும். பார்க்க வேண்டுமென்றால் ஜாயிண்ட்டைத் தள்ளி எடுக்க வேண்டும். எடுத்தால் அது மறுபடி உதவாது.

"நாலாம் நம்பர் எங்கம்மா?" என்று கேட்டுவிட்டு, ஸ்டூலில் இனி நீதான் என்றபடி முதலாளி உள்ளே போனார்.

"எடுத்து வச்சிடறேன் சார்."

அவரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் என்ன சொல்வது? நான் அந்த ஸ்டூலுக்கு வந்ததே எண்ணால்தான். எண் தொலைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

யாரும் இல்லாத சமயம் பார்த்து ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டு, டிங்கு அண்ணனின் ஸ்பேனரால் தட்டினேன். டொக். அடுத்ததும் டொக். ஆறும் டொக். ரப்பர் ஏறின இரும்பு பாடாது. ஐந்தாம் வேலை ஏன் ஏழாவதுக்கு முன்னால் வருகிறது என்பதை நான் நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன்.

வலப்பக்கத்து ஆர்ம் மூன்று. அந்த மூன்றில் ஒன்று. அவ்வளவு வரைக்கும் எனக்குத் தெரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் டிங்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளி, மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. அவர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளரை வைத்து, அவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்துவிட்டு, யார் என்று என்னைக் கேட்டார். பதிலை டிங்கு அண்ணன் சொன்னார். "கடையில நோட்டு எழுதற பொண்ணு."

எல்லாவற்றையும் சொன்னேன். பேஸ்ட், தகடு, பிரைமர், ஜாயிண்ட். அவர் மெல்வதை நிறுத்தாமல் கேட்டார்.

"நீதான பாப்பா பூசலன்னு சொன்ன? பூசலன்னா விரிசல் இல்ல. ஆறும் நல்ல ஆர்ம்தான். மாட்ட வேண்டியதுதான."

"அண்ணே, அது ஏதோ ஒரு கார்ல ஏறும்."

"ஏறும். சக்கரத்தோட ஒருநாள் புடுங்கிட்டும் போகும்." தண்ணீர் குடித்தார். "மூணு ஜாயிண்டத் தள்ளி எடுக்கச் சொல்லு. நான் வர்றேன், தொங்கவிட்டு ஒரே தட்டுல சொல்றேன். ஆனா சும்மா வரமாட்டேன். அதே பெஞ்சுகிட்ட, அதே ஆளுங்க முன்னாடி, பூசினேன்னு நீ சொல்லணும். கொஞ்சம் சத்தமா."

அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை போலும். உட்காரும்மா, சாப்பிடு என்றார். நான் ஸ்பேனரைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

"நீயே வச்சுக்க. வேலைக்கு வேணும்ல?"

திரும்பி வரும்போது அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பூசினேன் சார். பூசச் சொன்னீங்க, பூசினேன். அவரு சரியாத்தான் சொன்னாரு. பட்டறை வாசல் வரைக்கும் நன்றாகத்தான் வந்தது.

உள்ளே என் பெயர் எழுதின கையுறை ஸ்டூலின் மேல் இருந்தது. பெயர் என்றால், "டீச்சர்" என்று. மச்சான் எழுதியது. கிண்டலுக்குத்தான், ஆனால் கோணல் இல்லாமல் எழுதியிருந்தார். நான் உட்கார்ந்தேன். பையிலிருந்து தகடுகளை எடுத்து மடியில் பரப்பினேன். ஒன்று, மூன்று, ஐந்தை இடப்பக்கத்து ஆர்ம்களில் கட்டினேன். இரண்டு, நான்கு, ஆறை வலப்பக்கத்தவற்றில் கட்டினேன். கைக்கு எது முதலில் வந்ததோ அதில் கட்டினேன். ஒவ்வொரு கம்பியையும் இரண்டு முறுக்கு.

பிறகு நான்காம் எண் கட்டிய ஆர்மைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பார்க்க நடந்து போய், பழைய இரும்பு டிரம்மில் போட்டேன். புது ஜாயிண்ட்டோடு விழுந்தது.

மச்சான் பதறி எழுந்து வந்தார். புது ஜாயிண்டாச்சே, சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேனே என்று கத்தினார். முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து அவரை அடக்கினார்.

"நீ அவசரப்பட்டதுக்கு அவ என்ன பண்ணுவா? நாலு ஓட்டைன்னா நாலுதான். ஒரு ஜாயிண்ட் போனாப் போகுது. வேலைன்னா இப்படி இருக்கணும்."

நோட்டில் எழுதினேன். நான்காம் எண். ஜாயிண்ட் துளை விளிம்பில் விரிசல். நீக்கப்பட்டது. செய்தவர் என்ற இடத்தில் என் பெயர். அந்தப் பக்கத்தில் பொய்யான வரி ஒன்றுகூட இல்லை.

சனிக்கிழமை ஒரு வெள்ளைக் காருக்கு ஐந்தாம் எண்ணும் ஆறாம் எண்ணும் மாட்டினார்கள். கார்க்காரர் மாட்டுவதற்கு முன் கறுப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். ஒரு சொட்டுகூட வழியவில்லையே, போன தடவையெல்லாம் வழிந்திருந்ததே என்றார். ஆள் மாத்திட்டோம் சார் என்றார் முதலாளி. என்னைக் காட்டினார். நோட்டையும் காட்டச் சொன்னார். காட்டினேன். அவர் ஐந்தையும் ஆறையும் படித்துவிட்டு, எவ்வளவு சுத்தமான கையெழுத்து என்றார். வேலை முடிந்ததும் தன் அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்தார்.

வாசலில் சாக்கடையை மூடிய பலகை ஒரு சாண் பள்ளமாக இறங்கிக் கிடக்கும். எந்த வண்டி போனாலும் அங்கே இறங்கித்தான் ஏற வேண்டும். டிங்கு அண்ணன் இருந்தபோது வண்டி அந்த இடத்துக்குப் போனதும் தட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். நானும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

கார் இறங்கியது, ஏறியது. ஒரு சத்தமும் இல்லை. புது புஷ் போட்டால் கொஞ்ச நாளைக்கு எதுவும் கேட்காது.